மூளையின் கையெழுத்தைக் கண்டவர்: ஹான்ஸ் பெர்கர்

மதிய உணவுக்குப் பிந்திய விரிவுரை. மண்டபத்தில் குளிரூட்டி இதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. விரிவுரையாளரின் குரல் தாலாட்டாகி, கண்களை மூடித் தூக்கத்திற்கும் விழிப்பிற்கும் இடையில் மிதந்துகொண்டிருக்கிறோம். அந்நேரம் பின்வரிசையில் யாருடைய கைப்பேசியோ திடீரென அலறுகிறது. நொடிப்பொழுதில் கண் திறக்கிறது, தலை திரும்புகிறது, கலைந்து கிடந்த மனம் ஒரு புள்ளியில் குவிகிறது.

அந்த நொடியில் நம் மூளைக்குள் என்ன நடந்தது? இக்கேள்விக்கு அறிவியல் இன்று தாளில் கோடு வரைந்து பதில் சொல்கிறது. தலையில் சில மின்வாய்களைப் பொருத்தினால் போதும். ஓய்வில் இருக்கும் மூளையின் மின்னலை எப்படி இருக்கும், கவனம் ஈர்க்கப்பட்டதும் அது எப்படி மாறும் என்பதைக் கண்ணாலேயே காணலாம். மனிதத் தலையில் அந்தக் கோட்டை முதன்முதலில் வரைந்து காட்டியவர் ஜெர்மானிய மனநோய் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். அவருடைய வாழ்க்கை விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லத் தக்கது. ஆயினும் அதை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்லி முடித்துவிட முடியாது. ஏன் என்பதை இறுதியில் காண்போம்.

கவிஞரின் பேரன்

1873ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், ஜெர்மனியின் கோபுர்க் நகரை அடுத்த நாய்செஸ் என்னும் சிற்றூரில் பெர்கர் பிறந்தார். தந்தை ஒரு மருத்துவர். தாய் ஆன்னா, புகழ்பெற்ற ஜெர்மானியக் கவிஞர் பிரீட்ரிஷ் ரூக்கர்ட்டின் மகள். இந்தப் பாட்டனார் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். கீழை மொழிகளில் பெரும் புலமை பெற்றிருந்த அவர், வடமொழியிலிருந்து நளன் தமயந்தி கதையை ஜெர்மன் மொழிக்குக் கொண்டு சென்றவர். அவர் பயின்ற நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் தமிழும் மலாயும் அடங்கும்.

பேரன் பெர்கருக்கோ கவிதையைவிட வானம் பிடித்திருந்தது. வானியல் கற்கும் ஆசையோடு 1892இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பெருநகர வாழ்க்கை அவருக்கு ஒத்துவரவில்லை. ஒரே பருவத்தில் படிப்பை விட்டுவிட்டு, ஓராண்டுப் படைப்பணிக்குச் சென்றார். முதல் பருவத்திலேயே தவறான துறைக்கு வந்துவிட்டோமோ என்று கலங்கும் மாணவர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. அவர்கள் இதனைக் கவனத்தில் கொள்ளலாம்.

பீரங்கி வண்டியும் ஒரு தந்தியும்

படைப்பயிற்சியின்போது ஒரு காலைப்பொழுது பெர்கரின் வாழ்க்கையையே திருப்பிப் போட்டது. அவர் ஏறியிருந்த குதிரை மிரண்டு எழும்பியதில் கீழே விழுந்தார். விழுந்த இடத்தை நோக்கிக் குதிரைகள் இழுத்த பீரங்கி வண்டி வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் கடைசிக் கணத்தில் நிறுத்தியதால் உயிர் தப்பினார்.

இது நடந்த அன்று வீட்டிலிருந்து தந்தி வந்தது. தொலைவில் இருந்த தமக்கைக்கு, தம்பிக்கு ஏதோ ஆபத்து என்ற உணர்வு திடீரெனத் தோன்றியதாம். அவர் வற்புறுத்தியதால் தந்தை நலம் விசாரித்துத் தந்தி அடித்திருந்தார்.

இதைத் தற்செயல் என்று ஒதுக்கப் பெர்கரால் முடியவில்லை. மரண பயத்தில் தம் மனத்திலிருந்து கிளம்பிய ஏதோ ஓர் ஆற்றல் தமக்கையைச் சென்றடைந்தது என்று அவர் நம்பினார். மனத்தின் ஆற்றலுக்கு உடலில் ஓர் அடிப்படை இருக்கவேண்டும், அதை அளந்து காட்டவேண்டும் என்ற வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. வானியலைக் கைவிட்டு மருத்துவம் பயின்றார். 1897இல் யேனா நகரின் மனநோய் மருத்துவமனையில் பேராசிரியர் ஓட்டோ பின்ஸ்வாங்கரின் உதவியாளராகச் சேர்ந்தார். அதன்பின் பணி ஓய்வு பெறும்வரை அவருடைய உலகம் யேனாதான்.

தோல்வியில் கழிந்த ஆண்டுகள்

மன ஆற்றலை எப்படி அளப்பது? உண்ணும் உணவிலிருந்து மூளை பெறும் வேதியாற்றலில் ஒரு பகுதி வெப்பமாகவும் ஒரு பகுதி மின்சாரமாகவும் மாறுகிறது. எஞ்சும் பகுதியே மன ஆற்றல் என்று பெர்கர் எண்ணினார். மற்ற இரண்டையும் துல்லியமாக அளந்துவிட்டால் மூன்றாவது தானே விளங்கும் என்பது அவர் கணக்கு.

முதலில் மூளையின் இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். மண்டையோட்டில் குறை ஏற்பட்ட நோயாளிகளிடம் மூளையின் துடிப்பைப் பதிவு செய்தார். உறுதியான விடை கிடைக்கவில்லை. பின்னர் மூளையின் வெப்பநிலையை அளந்து 1910இல் ஒரு நூலே வெளியிட்டார். அதிலும் எதிர்பார்த்தது கிட்டவில்லை. 1902இலும் 1910இலும் நாயின் மூளையிலிருந்து மின்னோட்டத்தைப் பதிவு செய்ய முயன்றார். பயன் சொற்பமே.

விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் உண்டு என்பது அப்போது புதிய செய்தியன்று. லிவர்பூல் மருத்துவர் ரிச்சர்ட் கேட்டன், முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் அதைக் கண்டு 1875இலேயே அறிவித்திருந்தார். போலந்து நாட்டு அடோல்ஃப் பெக், ஒலியோ ஒளியோ விலங்கைத் தாக்கும்போது மூளையில் இயல்பாக எழும் மின் அசைவுகள் அடங்கிப்போவதை 1890இல் கண்டிருந்தார். ஆனால் இவையெல்லாம் மண்டையைத் திறந்து செய்தவை. உயிரோடும் உணர்வோடும் இருக்கும் மனிதனின் மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து அதைப் பிடிக்க முடியுமா என்பதே கேள்வி.

முதல் உலகப்போர் வந்தது. பெர்கர் போர்முனையில் மனநோய் மருத்துவராகப் பணியாற்றித் திரும்பினார். 1919இல் பின்ஸ்வாங்கருக்குப் பின் மருத்துவமனையின் இயக்குநரானார். 1927இல் யேனா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். வெளியுலகிற்கு அவர் நேரம் தவறாத, அதிகம் பேசாத, கண்டிப்பான நிர்வாகி. மாலையில் பணி முடிந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அவர் என்ன செய்கிறார் என்பது உடன் பணிபுரிந்தவர்களில் பலருக்கே தெரியாது.

1924, ஜூலை 6

அன்றைக்கு அவர்முன் இருந்தவர் 17 வயது இளைஞர். அறுவைச் சிகிச்சையால் மண்டையோட்டின் ஒரு பகுதி நீக்கப்பட்டிருந்ததால், அவ்விடத்தில் மூளைக்கும் கருவிக்கும் இடையே எலும்பு இல்லை. அங்கே மின்வாய்களை வைத்துக் கம்பி மின்னோட்டமானியோடு இணைத்தார் பெர்கர். நுண்ணிய அசைவு ஒன்று தெரிந்தது. பெர்கருக்கு அப்போது 51 வயது. தேடத் தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

வேறொருவராயின் மறுநாளே உலகிற்கு அறிவித்திருப்பார். பெர்கர் அறிவிக்கவில்லை. ஐந்தாண்டுகள் வாய் திறக்காமல் தம்மைத்தாமே சந்தேகித்துக்கொண்டிருந்தார். அந்தச் சந்தேகத்திற்குக் காரணம் உண்டு. தலையின் மேற்பரப்பில் கிடைக்கும் மூளை மின்னலையின் அளவு ஏறத்தாழ 50 மைக்ரோவோல்ட். கைவிளக்கில் போடும் 1.5 வோல்ட் மின்கலத்தோடு ஒப்பிட்டால் 30,000இல் ஒரு பங்கு. இதயத்தின் மின்துடிப்பு இதைவிடப் பன்மடங்கு பெரியது. நெற்றிச் சுருக்கம், கண் இமைப்பு, இரத்தக் குழாயின் துடிப்பு, மின்வாய் சற்று நழுவுதல் என எதுவும் கருவியில் ஓர் அலையை உண்டாக்கிவிடும். தாம் கண்டது மூளையா, தசையா, வெறும் பிழையா?

ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கினார். இதயத் துடிப்பையும் உடன் பதிவு செய்து ஒப்பிட்டார். மின்வாய்களின் பொருளையும் இடத்தையும் மாற்றிப் பார்த்தார். சீமன்ஸ் நிறுவனத்தின் இன்னும் நுட்பமான மின்னோட்டமானியைப் பெற்றார். தம் தலையிலேயே சோதித்தார். முடியை ஒட்ட வெட்டிய தம் மகன் கிளவுஸின் தலையிலிருந்து மட்டும் எழுபதுக்கும் மேற்பட்ட பதிவுகளை எடுத்தார். தந்தையின் பிடிவாதத்திற்குப் பொறுமையோடு தலை கொடுத்த அந்தப் பதின்ம வயது மகனையும் நாம் நன்றியோடு நினைக்கவேண்டும்.

1929இல் மனிதனின் மூளை மின்னலை வரைவு பற்றிய முதல் கட்டுரை வெளிவந்தது. தமக்கு முன்னோடியான கேட்டனின் பெயரை அதில் மறவாமல் குறிப்பிட்டிருந்தார். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் அதே தலைப்பில் மொத்தம் 14 கட்டுரைகள் வெளியாயின.

கவனித்தால் அடங்கும் அலை

பெர்கர் கண்டது என்ன? கண்களை மூடி அமைதியாக அமர்ந்திருப்பவரிடம் நொடிக்கு ஏறத்தாழ 10 முறை எழுந்து விழும் சீரான அலை தோன்றியது. அதற்கு ஆல்ஃபா என்று பெயரிட்டார். அதைவிடச் சிறியதும் விரைவானதுமான மற்றோர் அலைக்குப் பீட்டா என்று பெயரிட்டார். இன்றும் உலகம் அப்பெயர்களையே வழங்குகிறது.

வியப்பு இனிமேல்தான். கண்ணைத் திறந்தவுடன் ஆல்ஃபா மறைந்தது. கண்ணை மூடியபடியே இருந்தாலும், எதிர்பாராமல் கையைத் தொட்டால் மறைந்தது. திடுக்கிட வைக்கும் ஓசை கேட்டால் மறைந்தது. மனக்கணக்குப் போடச் சொன்னால் மறைந்தது. கணக்கு முடிந்ததும் திரும்பி வந்தது. பதின்ம வயது மகள் இல்சேயிடம் மனக்கணக்கு ஒன்றைக் கொடுத்து எடுத்த பதிவு பெயர் பெற்றது. கணக்குத் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் அந்தக் கோட்டிலேயே தெரிகின்றன.

நாம் என்ன எதிர்பார்ப்போம்? மூளை உழைக்கும்போது அலை பெரிதாகும், ஓய்வில் சிறிதாகும் என்றுதானே? நடப்பது நேர்மாறு. இதைப் புரிந்துகொள்ளத் திருவிழாக் கூட்டத்தை நினைத்துப் பார்க்கலாம். எல்லோரும் ஒரே தாளத்தில் கை தட்டினால் தொலைவிலிருந்தும் அந்தத் தாளம் தெளிவாகக் கேட்கும். ஒவ்வொருவரும் தத்தம் வேலையைப் பார்க்கத் தொடங்கினால் தாளம் கலைந்து இரைச்சலாகிவிடும். அதுபோல, ஓய்வில் ஆயிரமாயிரம் நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் அசைவதால் பெரிய அலை எழுகிறது. வேலை வந்ததும் அவை பிரிந்து தனித்தனியே செயல்படுவதால் அலை சிறுத்துப் போகிறது. இது பின்வந்தோர் தந்த விளக்கம். பெர்கர் வேறு வகையில் விளக்கினார். ஒன்றைக் கவனிக்கும்போது அதற்குரிய பகுதி தவிர மூளையின் பிற பகுதிகள் அடக்கி வைக்கப்படுகின்றன என்பது அவர் கருத்து. விளக்கம் மாறினாலும் கண்ட உண்மை மாறவில்லை. மனிதனின் கவனம், அன்று முதன்முறையாகத் தாளில் ஒரு தடயத்தை விட்டுச் சென்றது.

கேம்பிரிட்ஜ் தந்த ஏற்பு

உள்நாட்டில் வரவேற்பு இல்லை. பெர்கர் உடலியங்கியல் அறிஞர் அல்லர், மின்கருவிகளின் நுட்பமும் அவருக்குப் பழக்கமில்லாதது. ஒரு சிறு நகரத்து மனநோய் மருத்துவர், கோடிக்கணக்கான அணுக்கள் கொண்ட மூளை இவ்வளவு எளிய, சீரான அலையை எழுப்புகிறது என்று சொன்னால் யார் நம்புவார்?

நம்பாதவர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜின் எட்கர் ஏட்ரியன். நரம்பணு ஆய்வுக்காக 1932இல் நோபெல் பரிசு பெற்றவர். உடன் பணியாற்றிய மேத்யூஸோடு சேர்ந்து சோதித்துப் பார்த்தார். ஏட்ரியனின் தலையிலேயே அந்த அலை துல்லியமாகத் தோன்றியது. 1934இல் அறிஞர் அவையின் முன் தம்மையே சோதனைப் பொருளாக்கிக் காட்டினார். கண் திறந்ததும் அலை மறைந்தது. அதைப் பெர்கர் தாளம் என்றே இருவரும் கட்டுரையில் அழைத்தனர். அது மூளை முழுவதிலிருந்தும் எழுவதாகப் பெர்கர் எண்ணியது தவறு, மூளையின் பிடரிப் பகுதியே முக்கிய ஊற்று என்று திருத்தமும் செய்தனர். ஐயத்தோடு தொடங்கி, சோதித்து, உண்மை எனக் கண்டதும் பெயரை உரியவருக்கே கொடுத்த அந்தப் பண்பை நாம் போற்றவேண்டும்.

அதன்பின் எல்லாம் விரைந்து நடந்தன. 1935இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள், ஒரு வகை வலிப்பு நோயில் நொடிக்கு மூன்று முறை தோன்றும் தனி அலைவடிவத்தைக் கண்டனர். 1936இல் இங்கிலாந்தின் கிரே வால்டர், மெதுவான அலைகளைக் கொண்டு மூளைக்கட்டியின் இடத்தைக் கண்டறியலாம் என்று காட்டினார். 1937இல் பாரிஸில் நடந்த அனைத்துலக உளவியல் மாநாட்டில் பெர்கருக்குப் பெரும் மரியாதை கிடைத்தது. சொந்த நாட்டில் கிடைக்காத மரியாதை அது.

இருண்ட பக்கம்

இனி நாம் தயக்கத்தோடு புரட்டவேண்டிய பக்கம். 1938இல் 65 வயதில் பெர்கர் ஓய்வு பெற்றார். நாஜிகளை எதிர்த்ததால் அவர்கள் அவரை விரட்டிவிட்டனர் என்ற செய்தி நெடுங்காலம் நூல்களில் எழுதப்பட்டு வந்தது. பிற்கால ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் திறந்தபோது வேறு முகம் தெரிந்தது.

பரம்பரை நோய் உள்ளவர்கள் பிள்ளை பெறாதபடி கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டத்தை நாஜி அரசு 1933இல் இயற்றியது. ஏறத்தாழ 4 இலட்சம் பேர் அதற்கு இரையாயினர். அத்தீர்ப்புகளை வழங்கச் சிறப்பு நீதிமன்றங்கள் அமைக்கப்பட்டன. யேனாவில் இருந்த அத்தகைய மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பெர்கரும் மருத்துவ உறுப்பினராக அமர்ந்திருந்தார். எஸ்எஸ் அமைப்பின் ஆதரவு உறுப்பினராகவும் இருந்தார். 1941இல் மீண்டும் அந்த நீதிமன்றப் பணிக்கு அழைத்தபோது இசைவு தெரிவித்தார்.

அச்சட்டத்தின் பட்டியலில் இருந்த நோய்களைப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. பரம்பரை வலிப்பு நோய் அதில் ஒன்று. பரம்பரைச் செவிடு மற்றொன்று. மூளை மின்னலை வரைவால் இன்று மிகுந்த பயன் பெறுவோர் வலிப்பு நோயாளிகள். மூளையின் மின்மறுமொழியைக் கொண்டு பச்சிளங்குழந்தைகளின் செவித்திறனும் சோதிக்கப்படுகிறது. யாருக்கு அவருடைய கண்டுபிடிப்பு பின்னாளில் விளக்காகுமோ, அவர்களைப் போன்றவர்களுக்கு எதிராகவே அவர் தீர்ப்பு நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

ஓய்வுக்குப் பிந்திய ஆண்டுகளில் உடல்நலம் குன்றி, கடும் மனச்சோர்வுக்கு ஆளானார் பெர்கர். மனநோயாளிகளுக்கே வாழ்நாளைச் செலவிட்ட அந்த மருத்துவர், 1941 ஜூன் 1ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 68.

அவருக்குப் பின்

கவனத்தை அளக்கும் பணி அவரோடு நிற்கவில்லை. பெர்கர் கண்டது, தூண்டல் வந்ததும் பெரிய அலை அடங்குவதை. ஆனால் ஒவ்வொரு தூண்டலுக்கும் மூளை தனியாக ஒரு சிறு மறுமொழியும் தருகிறது. அது சில மைக்ரோவோல்ட் அளவே ஆனதால் பெரிய அலைகளுக்குள் மூழ்கிவிடும். தைப்பூசத்தன்று பத்துமலையில் ஒலிக்கும் ஒரு சிறு மணியை ஒலிப்பதிவு செய்வதைப் போன்றது இது. ஒரு பதிவில் மணி கேட்காது. மணி அடித்த கணத்தை ஒன்றாகப் பொருத்தி நூறு பதிவுகளின் சராசரியை எடுத்தால், ஒவ்வொரு முறையும் மாறும் இரைச்சல் தேய்ந்து, மாறாத மணியோசை மேலெழும். 1950களில் ஜார்ஜ் டாசன் இம்முறையில் மூளையின் மறுமொழிகளைப் பிரித்தெடுத்தார்.

1965இல் அமெரிக்காவின் சாமுவேல் சட்டனும் குழுவினரும் ஒரு முக்கிய அலையை அறிவித்தனர். அடுத்து எது வரும் என்று உறுதியாகத் தெரியாத நிலையில் ஒரு தூண்டல் வந்தால், ஏறத்தாழ 300 மில்லிநொடி கழித்து மூளையில் ஒரு மேட்டலை எழுகிறது. ஒரே மாதிரி ஒலிகளுக்கு இடையே அரிதாக வரும் வேறோர் ஒலியைக் கவனித்துக் கேட்டால் அது நன்றாகத் தெரியும். இதற்குப் பி300 என்று பெயர். 1988இல் ஃபார்வெல், டான்சின் ஆகிய இருவரும் இதைக்கொண்டே ஒரு வழி வகுத்தனர். திரையில் எழுத்துகள் மாறி மாறி ஒளிரும். தாம் நினைக்கும் எழுத்து ஒளிரும்போது மட்டும் அந்த அலை எழும். கை, கால், நாவு எதையும் அசைக்க முடியாதவரும் இவ்வாறு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லலாம்.

பீரங்கி வண்டியின் முன் விழுந்த இளைஞன் தேடியது, மனத்திலிருந்து மனத்திற்குச் செல்லும் செய்தி. தொலைவில் இருந்த தமக்கைக்குத் தம் அச்சம் எப்படித் தெரிந்தது என்ற கேள்வி கடைசிவரை பெர்கரை விடவில்லை. 1940இல் அதைப் பற்றி ஒரு சிறு நூலும் எழுதினார். விடை மட்டும் கிடைக்கவில்லை. மண்டையோட்டைக் கடந்து தோலை எட்டுவதற்குள்ளேயே தேய்ந்துபோகும் அந்த அலை, ஊர்விட்டு ஊர் செல்ல வழியே இல்லை. ஆயினும் பேச்சிழந்த ஒருவரின் மனத்திலுள்ள சொல்லை இன்று கருவி வழியாக மற்றொருவர் படிக்க முடிகிறது. தேடியது கிடைக்காமல், தேடிய பாதையில் வேறொரு செல்வம் கிடைத்தது.

2024ஆம் ஆண்டோடு அந்த முதல் பதிவிற்கு நூறாண்டு நிறைந்தது. பெர்கரிடமிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, தம் கண்டுபிடிப்பையே முதல் எதிரியாக நின்று சோதித்த நேர்மை. பட்டப்படிப்பு ஆய்வேட்டில் விரும்பிய முடிவு வந்துவிட்டால் போதும் என்று நிறுத்திக்கொள்ளும் நமக்கு, அவருடைய ஐந்தாண்டு மௌனம் ஒரு பாடம். இரண்டாவது, அறிவு ஒருவனை நல்லவனாக்கிவிடும் என்ற உறுதி எங்கும் இல்லை என்ற கசப்பான உண்மை. ஆய்வுக்கூடத்தில் ஒரு மைக்ரோவோல்ட் பிழையையும் பொறுக்காதவர், நீதிமன்றத்தில் மனிதரின் வாழ்வைப் பறிக்கும் சட்டத்தைக் கேள்வி கேட்கவில்லை. கருவிக்குக் கொடுத்த கவனத்தைத் தம்முன் நின்ற மனிதருக்குக் கொடுக்கத் தவறினார்.

பட்டம் பெற்று மருத்துவராக, பொறியியலாளராக, ஆசிரியராக, அதிகாரியாக நாம் நாளை ஏதோ ஒரு நாற்காலியில் அமரப் போகிறோம். நம்முன் ஒருவர் வந்து நிற்பார். அப்போது நம் கவனம் எங்கே இருக்கிறது என்பதை அளக்க எந்தக் கருவியும் இருக்காது. அதை நாம்தான் அளந்துகொள்ளவேண்டும்.